ஸ்டிக்கர் இல்லாத பிக்கப்

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வார இறுதிகளில் ஒரு சிறிய இசைக்குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர். கிட்டாரின் பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்குகள் உடலில் ஊன்றும் இடம்) பக்கத்துக்கு நல்ல ஹம்பக்கர், அதாவது ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் ‘பிக்கப்’ என்ற பாகத்தில் இரண்டு காயில் கொண்ட வகை, ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் ஒருவர் நிக்கல் கவர் போட்ட பிக்கப் ஒன்றைக் காட்டியிருக்கிறார். “1959ஆம் ஆண்டு கிப்சன் கிட்டாரிலிருந்து கழற்றியது. அடியில் இருந்த ஸ்டிக்கர், யாரோ துடைக்கும்போது உரிந்துபோய்விட்டது” என்று மெசேஜில் எழுதியும் அனுப்பியிருக்கிறார். வாசகர் அதை நம்பி, ஒரு புதிய பிக்கப்பின் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பெயரோ எண்ணோ எதுவும் இல்லை. சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என்று நான்கு வயர்களும், உறை இல்லாத வெறும் வயர் ஒன்றும் வெளியே வருகின்றன. இசைக்குழு நண்பர் ஒருவர் கறுப்பையும் வெள்ளையையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, சிவப்புக்கும் பச்சைக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். 8.2 கிலோ ஓம் காட்டியது. “பி.ஏ.எஃப் என்றால் எட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அசலேதான்” என்று சொல்லிவிட்டார். அக்காலக் கிப்சன் ஹம்பக்கரைத்தான் பி.ஏ.எஃப் என்கிறார்கள். அந்தத் தைரியத்தில் வாசகர் இன்னொரு கிட்டார் வாசிப்பவரிடம் “என்னிடம் அசல் பி.ஏ.எஃப் இருக்கிறது” என்று சொல்ல, அவர் உடனே விலை பேசி முடித்துவிட்டார். பணம் இன்னும் கைமாறவில்லை. இப்போது வாசகருக்குத் தூக்கம் வரவில்லை. இது உண்மையில் யார் செய்த பிக்கப், கவரைத் திறந்து பார்த்துவிடலாமா, பேசியபடி விற்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடிக்கும்வரை சால்டரிங் அயர்னைச் சூடாக்காதீர்கள். வயர் நுனியைக்கூட வெட்ட வேண்டாம். பிக்கப் உங்கள் கைக்கு வந்த நிலையிலேயே இருக்கட்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு நேராகவே வந்துவிடுகிறேன். உங்களிடம் இருப்பது 1959ஆம் ஆண்டின் பிக்கப் இல்லை. நான் அதைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லைதான். ஆனால் உங்கள் கடிதத்திலேயே அதற்கான சாட்சி இருக்கிறது. நீங்கள் பெரிதாக எழுதிய 8.2 என்ற எண்ணில் அது இல்லை. போகிற போக்கில் எழுதிய மூன்று வரிகளில் இருக்கிறது.

பெயரின் கதை

பி.ஏ.எஃப் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். கிப்சனில் பணியாற்றிய சேத் லவர், இரண்டு காயில்களை (செப்புக் கம்பிச் சுருள்களை) வைத்து மின் இரைச்சலை அடக்கும் பிக்கப் ஒன்றை வடிவமைத்தார். அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1955 ஜூன் 22. கிடைத்தது 1959 ஜூலை 28. விண்ணப்பம் நிலுவையில் இருந்ததால், ‘பேட்டன்ட் அப்ளைடு ஃபார்’ என்ற சிறிய கறுப்பு ஸ்டிக்கரை அடித்தகட்டில் ஒட்டினார்கள். அந்த மூன்று சொற்களின் முதலெழுத்துகள்தான் பி.ஏ.எஃப். காப்புரிமை கிடைத்த பிறகும் 1962 வாக்கில்தான் ஸ்டிக்கர் மாறியது. மாறியதும் அதில் அச்சிட்ட எண் 2,737,842. அது ஹம்பக்கருக்கு உரிய எண்ணே கிடையாது, கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் பெயரிலிருந்த டெயில்பீஸ் (ஸ்ட்ரிங்குகளின் முனையைப் பிடிக்கும் பாகம்) காப்புரிமையின் எண். ஹம்பக்கருக்கு உரியது 2,896,491.

தயாரித்தவர்களே ஒட்டிய ஸ்டிக்கரின் கதி இது. இன்று அதே போன்ற ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். இன்னொரு பக்கம், ஸ்டிக்கர் ஒட்டாமலே வெளிவந்த ஆரம்ப காலப் பிக்கப்புகளும் உண்டு. அதனால் ஸ்டிக்கர் இருப்பதை வைத்தும், இல்லாததை வைத்தும் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ‘குறி எதுவும் இல்லை, எனவே பழையது’ என்று நீங்கள் எழுதியிருப்பது பலரும் செய்யும் தவறு. குறியில்லாத பிக்கப்புகளில் மிகப் பெரும்பாலானவை, விலை குறைந்த கிட்டார்களில் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தவைதான். மொத்தமாக வாங்கிப் பொருத்துகிற நிறுவனத்துக்கு அடியில் பெயர் பொறிக்க வேண்டிய தேவையே இல்லை.

8.2 என்ன சொல்கிறது?

உங்கள் நண்பர் மீது எனக்குக் கோபமில்லை. மல்டிமீட்டர் ஒன்றுதான் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, அது காட்டும் எண்ணைப் பிடித்துக்கொள்வது இயல்பு. ஆனால் அந்த எண் அளப்பது ஒன்றே ஒன்றை: காயிலில் சுற்றியிருக்கும் செப்புக் கம்பியின் மின்தடையை. அது கம்பியின் நீளத்தையும் கனத்தையும் பொறுத்தது.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். பிக்கப்புகளில் அதிகம் பயன்படுவது 42 கேஜ் கம்பி. விட்டம் 0.063 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் கனம். அதில் ஒரு மீட்டருக்கு 5.4 ஓமுக்குச் சற்று மேல் தடை வரும். அப்படியானால் 8.2 கிலோ ஓமுக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் கம்பி உள்ளே இருக்க வேண்டும். அதைவிட மெல்லிய 44 கேஜில் சுற்றியிருந்தால் 950 மீட்டர் இருந்தாலே அதே 8.2 வந்துவிடும். சுற்று எண்ணிக்கை வேறு, சத்தம் வேறு, மீட்டரில் மட்டும் ஒரே எண். கிரெட்ச் நிறுவனத்தின் ஃபில்டர்ட்ரான் ஹம்பக்கர்கள் 4 கிலோ ஓம் பக்கம்தான் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து அது பலவீனமான பிக்கப் என்று யாராவது நினைத்தால், வாசித்துக் கேட்டதும் மனம் மாறிவிடுவார்.

அறையின் சூடு வேறு இருக்கிறது. செம்பின் தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 8.2 காட்டிய பிக்கப் 30 டிகிரியில் 8.5 காட்டும். ‘விற்றவர் 8.5 என்றார், எனக்கு 8.2 வருகிறது, மாற்றிக் கொடுத்துவிட்டாரா’ என்று கேட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. மாற்றவில்லை, பொழுதுதான் மாறியிருந்தது.

அசல் பி.ஏ.எஃப்களே 7 முதல் 9 கிலோ ஓம் வரை பரவிக் கிடக்கின்றன. அன்று கம்பி சுற்றிய இயந்திரங்களில் இத்தனை சுற்றில் தானாக நிற்கும் வசதி சரியாக இருக்கவில்லை. சுற்றியவரின் கையும் கண்ணும்தான் அளவு. அந்த ஒலியைப் பின்பற்றி இன்று செய்யப்படும் பிக்கப்புகளும் வேண்டுமென்றே அதே எல்லைக்குள் சுற்றப்படுகின்றன. எட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அசல் என்றால், உலகத்தில் இருக்கும் சாதாரண ஹம்பக்கர்களில் பெரும்பகுதி அசலாகிவிடும்.

அப்படியென்றால் 8.2 வீணா? இல்லை. காயில்கள் அறுந்துபோகவில்லை என்று அது சொல்கிறது. மிதமான அளவு சுற்றிய, பழைய பாணி ஹம்பக்கராக இருக்க வாய்ப்பு அதிகம் என்றும் சொல்கிறது. ஹெவி மெட்டலுக்காக மிகையாகச் சுற்றியவை பெரும்பாலும் 13 கிலோ ஓமைத் தாண்டும். பழுது பார்க்கும் இடத்தில் இண்டக்டன்ஸ் (காயிலின் மின்தூண்டல், அலகு ஹென்றி) அளக்கும் மீட்டர் இருந்தால் அதிலும் ஒருமுறை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் வரும் வகை சிங்கிள் காயில் (ஒற்றைக் காயில்) பிக்கப் 2 முதல் 2.5 ஹென்றி வரை காட்டும். பழைய பாணி ஹம்பக்கர் 4 முதல் 5 வரை. மிகையாகச் சுற்றியது 7, அதற்கும் மேல். பிக்கப் எப்படி ஒலிக்கும் என்பதை ஓம் கணக்கைவிட இந்த எண் நன்றாகச் சொல்லும்.

அந்த மூன்று வரிகள்

முதல் வரி, வயர்களைப் பற்றியது. 1950களின் கிப்சன் ஹம்பக்கரிலிருந்து ஒரே ஒரு வயர்தான் வெளியே வரும். நடுவில் துணி சுற்றிய கம்பி, அதைச் சுற்றி வெளியே உலோகப் பின்னல். இரண்டு காயில்களும் உள்ளேயே ஒன்றோடொன்று இணைந்திருக்கும். நான்கு வண்ண வயர் வைக்கும் பழக்கம் பின்னால் வந்தது. காயில்களைத் தனித்தனியாகவும் பயன்படுத்த வேண்டும் என்ற ஆசை வந்த பிறகு வந்தது. ‘யாராவது பிறகு மாற்றியிருக்கலாமே’ என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் ஒரு வயரை எடுத்துவிட்டு நான்கு வயர் வைக்க வேண்டுமானால் கவரைக் கழற்றியே தீர வேண்டும். கவர் அடித்தகட்டோடு சேரும் இரண்டு சால்டர் புள்ளிகளும் ‘பளிச்சென்று, சீராக, தொடாதது போல்’ இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திறந்து மூடிய கவரில் சால்டர் அப்படி இருப்பது அபூர்வம். பழைய சால்டரின் மீது புதியது மேடாக நிற்கும், பக்கத்தில் ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பொருள்) கருகிய கறை இருக்கும்.

இரண்டாவது வரி, அளவு. முதல் ஸ்ட்ரிங்குக்கும் ஆறாவது ஸ்ட்ரிங்குக்கும் கீழே இருக்கும் ஸ்க்ரூக்களின் மையத்திலிருந்து மையம் 52 மில்லிமீட்டர் என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள். அளந்ததற்கு நன்றி, பலர் இதைச் செய்வதில்லை. அக்காலக் கிப்சன் பிக்கப்பில் அந்த இடைவெளி 49 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். 52 என்பது, ஸ்ட்ரிங்குகள் சற்று அகலமாகப் பரவும் பிரிட்ஜ் உள்ள கிட்டார்களுக்காகப் பிற்காலத்தில் செய்யப்பட்ட அளவு. வயரை மாற்றலாம், கவரை மாற்றலாம். பாபினில் (கம்பி சுற்றிய பிளாஸ்டிக் சட்டத்தில்) இருக்கும் துளைகளை 3 மில்லிமீட்டர் தள்ளிவைக்க யாராலும் முடியாது. மூன்றில் இதுதான் எனக்கு மிக உறுதியான சாட்சி.

மூன்றாவது வரியை நீங்கள் ஒரு தொந்தரவாக எழுதியிருந்தீர்கள். உயரம் சரிசெய்யும் ஸ்க்ரூ ஒன்று காணாமல்போனது, வீட்டில் கிடந்த 3 மில்லிமீட்டர் ஸ்க்ரூவைப் போட்டபோது ‘வெண்ணெயில் இறங்குவது போல’ இறங்கியது என்று. அமெரிக்கத் தயாரிப்பின் அந்தத் துளையில் இருப்பது இஞ்சுக் கணக்கு மரை. அதற்கான ஸ்க்ரூவின் வெளிவிட்டம் 2.5 மில்லிமீட்டர் அளவுதான். அதில் 3 மில்லிமீட்டர் ஸ்க்ரூ வெண்ணெயில் இறங்காது, மல்லுக்கு நிற்கும். மெட்ரிக் மரை சிரமமில்லாமல் பொருந்துகிறது என்றால், மெட்ரிக் அளவில் வேலை செய்யும் தொழிற்சாலையில் செய்த தகடு என்று எடுத்துக்கொள்ளலாம்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிவிடலாம். மூன்றும் ஒரே திசையில் கை காட்டும்போது சமாதானம் தேடுவது நம் ஆசைதான். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. பழைய பொருளைக் கையில் எடுக்கும்போது வரும் படபடப்பு இத்தனை ஆண்டுகள் இந்த வேலை பார்த்த பிறகும் எனக்குப் போகவில்லை.

யார் செய்தது என்று பெயர் சொல்ல முடியுமா? இப்போது முடியாது. வண்ணங்களை வைத்து நிறுவனத்தைச் சொல்லிவிடலாம் என்று உங்கள் நண்பர் நினைத்திருக்கிறார். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என்ற இதே நான்கு வண்ணங்களைப் பிக்கப் நிறுவனங்களான டிமார்சியோவும் பயன்படுத்துகிறது, சீமோர் டங்கனும் பயன்படுத்துகிறது. ஆனால் வரிசை வேறு. டிமார்சியோவில் சிவப்புதான் சிக்னல் வயர், கறுப்பும் வெள்ளையும் இணையும். டங்கனில் கறுப்பு சிக்னல், சிவப்பும் வெள்ளையும் இணையும். இரண்டிலும் பச்சை எர்த்துக்குப் போகும். இந்த வரிசைகளைப் பார்த்துச் செய்யும் பெயரில்லாத தொழிற்சாலைகள் எத்தனையோ இருக்கின்றன, சொந்த வரிசை வைத்திருப்பவையும் உண்டு. வண்ணம் ஒரு துப்பு, அவ்வளவுதான்.

எந்த வயர் எது?

பெயர் தெரியாவிட்டாலும் இந்தப் பிக்கப்பைச் சரியாக இணைக்க முடியும். அதற்கு இன்னொரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். ‘8.2 வந்துவிட்டதால் நாங்கள் சேர்த்த விதம் சரி’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அளவு ஒன்றை உறுதி செய்கிறது: கறுப்பும் வெள்ளையும் ஒரே காயிலின் இரு முனைகள் அல்ல. அப்படி இருந்திருந்தால், அவற்றை முறுக்கியதும் ஒரு காயில் வெளியே போய், உங்களுக்குப் பாதிதான் காட்டியிருக்கும். ஆனால் இரண்டு காயில்களும் ஒரே ஃபேஸில் இருக்கின்றனவா, அதாவது ஒன்றின் சிக்னல் மற்றதை அழிக்காமல் கூடுகிறதா என்று மீட்டரின் ஓம் எண் சொல்லாது. தலைகீழாகச் சேர்த்தாலும் 8.2தான். வாசித்தால் மட்டும் சத்தம் வற்றி, மூக்கில் பேசுவது போல ஒலிக்கும். அடங்க வேண்டிய இரைச்சல் கூடிவிடும்.

அதனால் முறுக்கியதைப் பிரித்துவிட்டு இப்படிச் செய்து பாருங்கள். மீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, எந்த இரண்டு வயர்களுக்கு நடுவே 4 கிலோ ஓம் பக்கம் வருகிறது என்று தேடுங்கள். அப்படி இரண்டு ஜோடி கிடைக்கும். உறையில்லாத ஐந்தாவது வயருக்கும் கவருக்கும் நடுவே பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். நான்கு வண்ண வயர்களில் எதற்கும் கவரோடு தொடர்பு இருக்கக் கூடாது. இருந்தால் உள்ளே எங்கோ உறை உரிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பிறகு மீட்டரை 200 மில்லிவோல்ட் டி.சி.க்கு மாற்றி, ஒரு ஜோடியில் மாட்டுங்கள். நல்ல கனமான இரும்பு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அதன் தண்டை ஒரு வரிசைக் காந்த முனைகளின் மேல் படுக்கவைப்பது போலச் சட்டென்று வையுங்கள். கவர் இருந்தாலும் பரவாயில்லை, காந்தம் அதைத் தாண்டி இழுக்கும். இரும்பு ஒட்டிக்கொள்ளும் அந்தக் கணத்தில் மீட்டர் ஒரு துள்ளல் துள்ளும். பிளஸ் பக்கமா, மைனஸ் பக்கமா என்று பாருங்கள். வெடுக்கென்று பிரித்தால் எதிர்ப்பக்கம் துள்ளும். டிஜிட்டல் மீட்டர் சில நேரம் தவறவிடும், ஐந்தாறு முறை செய்யுங்கள். முள் உள்ள பழைய மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது, கண்ணாலேயே தெளிவாகப் பார்க்கலாம். எந்த வரிசையில் வைக்கும்போது துள்ளல் பெரிதாக இருக்கிறதோ, அந்த ஜோடி அந்தக் காயிலுடையது.

ஒவ்வொரு ஜோடியிலும், இரும்பை வைக்கும்போது பிளஸ் காட்டுமாறு மீட்டரின் சிவப்பு முனை எந்த வயரில் இருக்கிறதோ, அதற்கு ‘பிளஸ்’ என்று ஒரு காகித வால் ஒட்டுங்கள். இரண்டு ஜோடிக்கும் செய்த பிறகு, ஒன்றின் மைனஸையும் மற்றதன் பிளஸையும் சேர்க்க வேண்டும். மீதி இரண்டில் பிளஸ் சிக்னல், மைனஸ் எர்த். அவ்வளவுதான். எந்த நிறுவனத்தின் வண்ணப் பட்டியலும் தேவையில்லை. கிட்டாரில் ஏற்கெனவே இருக்கும் மற்றப் பிக்கப்போடு சேர்த்து வாசிக்கும்போது சத்தம் மெலிந்தால், கடைசி இரண்டு வயர்களை மட்டும் இடம் மாற்றுங்கள். வெறும் வயர் எப்போதும் எர்த்தில்தான்.

கிட்டாரில் பொருத்தாமலே ஒலியைக் கேட்டுவிடவும் முடியும். முதலைக் கிளிப் வைத்த ஒரு கேபிளில் இந்த வயர்களைக் கவ்வவிட்டு, ஆம்பிளிஃபயரைக் குறைந்த சத்தத்தில் வைத்து, பிக்கப்பைக் கவிழ்த்து ஸ்ட்ரிங்குகளுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் மேலே பிடியுங்கள். இன்னொருவர் வாசிக்கட்டும். கவரை நகத்தால் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டொக் டொக்’ என்று பலமாகக் கேட்டால் காயில்கள் அதிராமல் இருக்க உள்ளே ஏற்றும் மெழுகு சரியாக ஏறவில்லை, சத்தம் கூட்டும்போது கூவும் ஆபத்து உண்டு.

கவரைத் திறக்கலாமா?

திறக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. திறந்தால் தெரியக்கூடியவை சில இருக்கின்றன. காந்தம் அல்நிகோவா, செராமிக்கா என்று தெரியும். இதற்கு ஓர் அழகான சோதனை உண்டு: மல்டிமீட்டரின் இரு முனைகளையும் காந்தத்தின் மீதே வைத்தால், அல்நிகோ உலோகம் என்பதால் மின்சாரத்தைக் கடத்தும், செராமிக் கடத்தாது. கம்பி உறையின் நிறமும், பாபினின் வார்ப்புக் குறிகளும் தெரியும். ஆனால் இவை எல்லாமே இன்று நகலெடுக்கப்படுகின்றன. திறந்தாலும் நிறுவனத்தின் பெயர் உங்களுக்குக் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

இழக்கக்கூடியது அதிகம். கவரின் சால்டரை உருக்க நல்ல சூடு வேண்டும். அந்தச் சூடு தகடு முழுவதும் பரவி, மெழுகை உருக்கி, பாபினின் பிளாஸ்டிக்கை வளைக்கும். வேலையில் சேர்ந்த புதிதில் நான் ஒரு கவரை இழுத்தபோது, அதன் உட்புறம் மெழுகில் ஒட்டியிருந்த டேப்பும் கூடவே வந்தது. அதோடு ஒரு தலைமுடியைப் போலச் செப்புக் கம்பியின் தொடக்க முனையும் வந்தது. வெளிச்சுற்றின் முனை அறுந்தால் ஒரு சுற்றைப் பிரித்துச் சேர்த்துவிடலாம். உள்முனை பாபினின் அடியில் அறுந்தால் முழுவதையும் பிரித்துப் புதிதாகச் சுற்ற வேண்டும். அந்தப் பிக்கப்பின் சொந்தக்காரர் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

திறக்காமலே ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். கவரின் அடி விளிம்பில், பூச்சு மறையும் இடத்தில், உலோகத்தின் நிறம் மஞ்சளாகத் தெரிகிறதா? அப்படியானால் பித்தளை. பித்தளைக் கவர் மேல் சுருதிகளின் கூர்மையைச் சற்று மழுக்கும். வெள்ளியைப் போல வெளிறியிருந்தால் நிக்கல் சில்வர், நல்ல தயாரிப்புகளில் வருவது. பெயரில் சில்வர் இருந்தாலும் அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவைதான்.

விற்றவரும் வாங்க வருபவரும்

வாங்க ஒப்புக்கொண்டவரிடம் இன்றே பேசுங்கள். “பி.ஏ.எஃப் என்று நம்பித்தான் சொன்னேன். இப்போது அளந்து பார்த்ததில் அது இல்லை என்று தெரிகிறது” என்று சொன்னால் போதும். தெரியாமல் சொன்னது தவறான தகவல். தெரிந்த பிறகும் அதே பெயரில் பணம் வாங்கினால் அது ஏமாற்று, சட்டமும் அப்படித்தான் பார்க்கும். ‘எனக்குச் சொன்னதைத்தான் நானும் சொன்னேன் என்று விட்டுவிடலாமா’ என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தயக்கத்துக்கு மரியாதை கொடுங்கள். கிட்டார் வாசிப்பவர்களின் வட்டம் சிறியது, அவரை நீங்கள் மறுபடி மறுபடி சந்திக்கப் போகிறீர்கள்.

பிறகு உங்களுக்கு விற்றவர். அவர் ஏமாற்றினார் என்று முடிவுகட்டிக்கொண்டு பேச்சைத் தொடங்காதீர்கள். அவருக்கு விற்றவர் சொன்ன கதையை அவர் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆண்டையும் நிறுவனத்தையும் குறிப்பிட்ட மெசேஜ் உங்களிடம் இருப்பது பெரிய பலம், அதை அழித்துவிடாதீர்கள். 52 மில்லிமீட்டர் அளவு தெரியுமாறு ஸ்கேல் வைத்து ஒரு படம், அடித்தகடும் தொடாத சால்டரும் தெரியுமாறு ஒரு படம், வயர்களின் படம் ஒன்று. மூன்றையும் அனுப்பி, பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள். சால்டரிங் அயர்னைத் தொடாதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். வயரை வெட்டிய, கவரைத் திறந்த பிக்கப்பை ‘நீங்கள் மாற்றியிருக்கலாம்’ என்று சொல்லித் திருப்பி வாங்க மறுக்க அவருக்குக் காரணம் கிடைத்துவிடும்.

அவர் மறுத்தால், எழுத்தில் இருக்கும் அந்த வாக்கியத்தோடு உங்கள் பகுதியின் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பையோ ஒரு வழக்கறிஞரையோ அணுகலாம். தொகை அதற்கு ஏற்றதா என்று நீங்கள்தான் எடைபோட வேண்டும். அவர் பாதிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்து, கேட்டுப் பார்த்ததில் ஒலியும் உங்களுக்குப் பிடித்திருந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வைத்துக்கொள்வேன். பிரிட்ஜ் பக்கத்துக்கு 52 மில்லிமீட்டர் இடைவெளியும் 8.2 கிலோ ஓமும் உள்ள ஹம்பக்கர் என்பது நீங்கள் முதலில் தேடிப் போன பொருளுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் கிட்டாரின் பிரிட்ஜில் முதல் ஸ்ட்ரிங்கிலிருந்து ஆறாவது வரை எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

வைத்துக்கொள்வதாக முடிவானால், பொருத்தும் முன் ஒரு சிறிய காகிதத்தில் இரண்டு ஜோடிகளின் நிறம், எது பிளஸ், ஒவ்வொன்றின் ஓம், அறையின் வெப்பநிலை, தேதி, ‘தயாரிப்பாளர் தெரியாது’ என்ற குறிப்பு எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுங்கள். அடித்தகட்டில், உரிந்ததாகச் சொன்ன அந்த ஸ்டிக்கரின் இடத்திலேயே ஒட்டி, மேலே தெளிவான டேப் போட்டுவிடுங்கள். பென்சில் எழுத்து மை போல ஊறிப் பரவாது. பல ஆண்டுகள் கழித்துக் கழற்றினாலும் படிக்கலாம்.